ஆட்டோஇம்யூன் கல்லீரல் நோய்: ஆண்களுக்கு வராதா?

கேள்வி: அக்காவுக்கு 41 வயது, குரோம்பேட்டையில் இருக்கிறார். ஒன்றரை வருடமாக உடம்பெல்லாம் அரிப்பு. தோல் டாக்டரிடம் அலைந்து அலைந்து, கடைசியில் பி.பி.சி. என்கிற கல்லீரல் நோய் என்று சொல்லியிருக்கிறார்கள். "பெண்களுக்கு வருகிற நோய்" என்றார் டாக்டர். நான் ஆண், 36 வயது. மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் எனக்குக் கல்லீரல் என்சைம் எஸ்.ஜி.பி.டி. 118 வந்திருக்கிறது. நான் குடிப்பதில்லை, யாரும் நம்பவும் இல்லை. இந்த நோய் ஆண்களுக்கு வராதா? பெண்களுக்கு மட்டும் ஏன்?

பதில்: ஆண்களுக்கும் வரும். அக்காவின் பி.பி.சி. ஒரு விஷயம், உங்கள் 118 வேறொரு விஷயம். முதலில் நோய்களைப் பார்த்துவிட்டு 118-க்கு வருகிறேன்.

உடலின் எதிர்ப்பு சக்தி கல்லீரலையே தாக்கும் நோய்களில் முக்கியமானவை மூன்று. ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸ் கல்லீரல் செல்களைத் தாக்கும். நோயாளிகளில் நான்கில் மூன்று பேர் பெண்கள். பி.பி.சி., அதாவது பிரைமரி பிலியரி கோலாஞ்சைட்டிஸ், கல்லீரலுக்குள் இருக்கும் மிகச் சிறிய பித்தக்குழாய்களை அரிக்கும். 2015 வரை இதன் பெயரின் கடைசிச் சொல் 'சிரோசிஸ்' (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது) என்று இருந்தது. சிரோசிஸே இல்லாதவர்களும் பயந்துபோனதால் மாற்றினார்கள். மூன்றாவது பி.எஸ்.சி., பிரைமரி ஸ்கிளிரோசிங் கோலாஞ்சைட்டிஸ். பெரிய பித்தக்குழாய்கள் தழும்பேறிச் சுருங்கும். இதில் கணக்கு தலைகீழ். 37 நாடுகளின் 7,121 நோயாளிகளை வைத்து 2017-இல் வந்த ஆய்வில் 65.5% பேர் ஆண்கள்.

பி.பி.சி.யில் ஒரு ஆணுக்கு 9 அல்லது 10 பெண்கள் என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லி வந்தன. பெரிய மருத்துவமனைகளுக்கு வந்தவர்களை வைத்துப் போட்ட கணக்கு அது. ஒரு பகுதியின் மொத்த மக்களையும் பதிவேட்டில் பார்த்தபோது இடைவெளி குறைந்துவிட்டது: புதிதாகக் கண்டறியப்பட்டவர்களில் டென்மார்க்கில் 4.2-க்கு 1, இத்தாலியின் லொம்பார்டியில் 2.3-க்கு 1. பெண்கள் நோய் என்று நினைத்தே ஆண்களுக்கு பி.பி.சி. டெஸ்ட் எழுதாமல் விட்டதும் பழைய விகிதத்துக்கு ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். இது என் கணிப்பு.

இனி 'ஏன்'. எதிர்ப்பு சக்தியோடு தொடர்புள்ள ஜீன்கள் பல எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. பெண்ணின் செல்லில் எக்ஸ் இரண்டு. ஒன்று அணைந்திருக்க வேண்டும். ஆனால் டி.எல்.ஆர்.7 போன்ற சில ஜீன்கள் அந்த அணைப்பிலிருந்து தப்பிக் கூடுதலாக வேலை செய்கின்றன. பி.பி.சி. உள்ள பெண்களின் ரத்த செல்களில் ஒரு எக்ஸ் காணாமல் போயிருப்பது சாதாரணப் பெண்களைவிட அதிகம் என்று 2004-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2024-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு இன்னொரு முடிச்சை அவிழ்த்தது. கூடுதல் எக்ஸை அணைக்கும் எக்ஸிஸ்ட் என்ற ஆர்.என்.ஏ. தன்னைச் சுற்றிப் பல புரதங்களைச் சேர்த்துக்கொள்கிறது. அந்தக் கூட்டையே உடல் எதிரியாக நினைத்துவிட வாய்ப்பிருக்கிறது. ஆண் எலிகளில் எக்ஸிஸ்டை உருவாக்கவைத்து, லூபஸ் போன்ற ஒரு ஆட்டோஇம்யூன் நோயையும் தூண்டியபோது, பெண் எலிகளைப் போலவே அவையும் பாதிக்கப்பட்டன. இதற்கு மேல் ஈஸ்ட்ரோஜன், குடும்ப ஜீன்கள், சிகரெட், திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று எல்லாம் சேர்கின்றன. ஆனாலும் எக்ஸை மட்டும் வைத்துக் கதையை முடித்துவிட முடியாது, முடிந்திருந்தால் பி.எஸ்.சி. ஆண்களிடம் அதிகம் இருக்காது. அந்த நோய் பெருங்குடலோடு கட்டுண்டது. நோயாளிகளில் சுமார் 70% பேருக்குக் குடல் அழற்சியும் இருக்கிறது, பெரும்பாலும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ்.

உயிரியல் இப்படி என்றால், நோயைத் தவறவிடுவதில் சமூகத்துக்கும் பங்கு உண்டு. அக்காவின் ஒன்றரை வருடம் அதில்தான் போனது. பி.பி.சி. அரிப்பில் முதலில் தடிப்பு இருக்காது. சொறிந்த கீறல்தான் இருக்கும். உள்ளங்கை, உள்ளங்காலில் தொடங்கி ராத்திரியில் அதிகமாகும். செட்ரிசின் மாத்திரைக்குத் தூக்கம் வரும், அரிப்பு போகாது. சென்னையின் புழுக்கத்தில் இதை வேர்க்குரு, சோப் அலர்ஜி என்று தள்ளிவிடுவது சுலபம். கூடவே வரும் அசதிக்கு "ரத்தம் கம்மி", "தைராய்டு", "மாதவிடாய் நிற்கிற வயசு" என்று காரணம் தயாராக இருக்கும். தைராய்டு உண்மையிலேயே கூட இருக்கலாம், இந்த நோய்களோடு அது சேர்ந்தே வரும். அதனால் தைராய்டு கண்டுபிடித்ததும் தேடலை நிறுத்துவதுதான் ஆபத்து. தடிப்பில்லாத அரிப்பு 6 வாரம் நீடித்தால், பித்தம் தேங்கும்போது ஏறும் என்சைமான அல்கலைன் பாஸ்பட்டேஸைப் பார்க்க வேண்டும். அது ஏறியிருந்து, இன்னொரு கல்லீரல் என்சைமான ஜி.ஜி.டி.யும் கூடியிருந்தால், ஏ.எம்.ஏ. ஆன்டிபாடி டெஸ்ட். பி.பி.சி. நோயாளிகளில் 90 முதல் 95% பேருக்கு அது பாசிட்டிவ்.

ஆண் தவறிப்போவது வேறு வழியில். நடுத்தர வயது ஆணுக்குக் கல்லீரல் என்சைம் ஏறினால் நம் ஊரில் முதல் கேள்வி "எவ்வளவு குடிப்பீங்க?" இல்லை என்றால் சிரிப்பு. அந்தக் கேள்வி தவறில்லை, அதோடு கதவைச் சாத்துவதுதான் தவறு. குடியால் வரும் அழற்சிக்கு ஒரு முகம் உண்டு: எஸ்.ஜி.ஓ.டி. என்ற கல்லீரல் என்சைம் எஸ்.ஜி.பி.டி.யைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும், ஜி.ஜி.டி. கூடும், ரத்த சிவப்பணுவின் அளவு பெரிதாகும், என்சைம் 400-ஐத் தாண்டுவது அரிது. எஸ்.ஜி.பி.டி. 600, ரத்தத்தின் முக்கிய ஆன்டிபாடி வகையான ஐ.ஜி.ஜி. உயர்வு என்று வந்தால் அவர் குடிக்கிறவராகவே இருந்தாலும் ஆட்டோஇம்யூனைத் தேடித்தான் ஆக வேண்டும்.

டெஸ்ட் ரிப்போர்ட்டிலும் பால் வேறுபாடு ஒளிந்திருக்கிறது. பல லேப்கள் எஸ்.ஜி.பி.டி.க்கு இருபாலருக்கும் 40 அல்லது 45 வரை நார்மல் என்று அச்சிடுகின்றன. ஆரோக்கியமான ஆணுக்கு மேல் எல்லை 33-ஐ ஒட்டியும் பெண்ணுக்கு 25-ஐ ஒட்டியும் இருக்க வேண்டும் என்று அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஒரு பெண்ணின் 42 எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கடந்துபோவது இப்படித்தான். மறுபுறம், ஆட்டோஇம்யூன் நோய்க்குப் பார்க்கும் ஏ.என்.ஏ. ஆன்டிபாடி நோயில்லாத பெண்களிடமே குறைந்த அளவில் பாசிட்டிவாக வருவது சகஜம். 1:40 என்று வந்த ஒரே ரிப்போர்ட்டை வைத்து ஸ்டீராய்டு தொடங்கக் கூடாது.

ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸை உறுதி செய்ய நான்கு கால்கள் வேண்டும்: ஆன்டிபாடி, ஐ.ஜி.ஜி., பயாப்சி, வைரஸ் இல்லை என்ற ரிப்போர்ட். ஆன்டிபாடி டெஸ்ட்டை இம்யூனோஃப்ளோரசன்ஸ் முறையில் கேளுங்கள். எலைசா மட்டும் போட்டால் ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸில் சில பாசிட்டிவ்கள் தப்பிவிடும். ஏ.என்.ஏ.வோடு ஸ்மூத் மசில் ஆன்டிபாடியும், சிறுவர் சிறுமியர் என்றால் எல்.கே.எம்.1-உம் சேர வேண்டும். எல்.கே.எம்.1 பாசிட்டிவாக வரும் இரண்டாவது வகை ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸில் பெண் குழந்தைகளின் பங்கு இன்னும் அதிகம். வைரஸில் பி, சி மட்டும் பார்த்து நிறுத்தக் கூடாது. தண்ணீரில் பரவும் ஏ, ஈ இரண்டும் இங்கே உண்டு, ஈ வைரஸ் ஆட்டோஇம்யூன் போலவே வேஷம் போடும்.

மருந்து விசாரிப்பது இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. சிறுநீர்த் தொற்றுக்கு மாதக்கணக்கில் நைட்ரோஃபுரான்டாயின் எடுத்த பெண்களுக்கும், முகப்பருவுக்கு மினோசைக்ளின் எடுத்தவர்களுக்கும் ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸ் போன்ற பாதிப்பு வருவது பழைய செய்தி. கோவிட் காலத்தில் சீந்தில் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. மும்பையிலிருந்து 2021-இலும், பல ஊர் மருத்துவமனைகளிலிருந்து அடுத்த ஆண்டும் வந்த ஆய்வுகள், சீந்தில் சாப்பிட்டவர்களுக்கு ஆட்டோஇம்யூன் அறிகுறிகளோடு கல்லீரல் பாதிப்பு வந்ததை விவரித்தன. கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளில் சீந்திலும் ஒன்று. குடித்த எல்லோருக்கும் வரும் என்று பொருளில்லை. ஏற்கெனவே தைராய்டு, வாதம் என ஆட்டோஇம்யூன் நோய் உள்ளவர்கள் தள்ளி இருப்பது நல்லது. டாக்டர் "வேறு மருந்து ஏதாவது?" என்றால் சூரணம், கஷாயம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். பலருக்கு அது மருந்துக் கணக்கிலேயே வராது.

கீழாநெல்லி பற்றி நிச்சயம் யாராவது சொல்வார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கோடு சேர்ந்து 1988-இல் வெளியிட்ட ஆய்வு ஹெபடைட்டிஸ் பி வைரஸைச் சுமப்பவர்களைப் பற்றியது. பிற நாடுகளில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. ஆட்டோஇம்யூன் நோய்க்கும் அந்த ஆய்வுக்கும் சம்பந்தமே இல்லை. காமாலை வந்ததும் நாட்டு மருந்துக்குப் போய் 2 மாதம் கழிப்பதில்தான் பலருடைய கல்லீரல் சிரோசிஸுக்குப் போகிறது.

அக்காவுக்கு இனி முக்கியமானது உர்சோடியாக்சிகோலிக் அமிலத்தின் அளவு. எடைக்கு ஏற்ப நாளுக்குக் கிலோவுக்கு 13 முதல் 15 மி.கி. 60 கிலோ என்றால் 780 முதல் 900 மி.கி.: 300 மி.கி. மாத்திரை மூன்று. இங்கே அதிகம் நடக்கும் தவறு, எடை பார்க்காமல் காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதிவிடுவது. 70 கிலோ ஆளுக்கு 600 மி.கி. போதவே போதாது. இந்த மாத்திரை நோயைத் தள்ளிப்போடும். அரிப்பைக் குறைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அரிப்புக்குக் கொலஸ்டிரமின் 4 கிராம் பொடி. அது குடலில் மற்ற மருந்துகளையும் பிடித்துக்கொள்வதால், உர்சோவுக்கும் அதற்கும் 4 மணி நேர இடைவெளி விட வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் அதேதான்.

ஒரு வருடம் கழித்துப் பலனை அளக்க வேண்டும். பிரிட்டனில் 2,353 நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள்: பெண்களில் 80%, ஆண்களில் 72% பேருக்கு உர்சோ பலன் தந்தது. ஆண், பெண் என்பதைவிட வயது பெரிய வித்தியாசம் காட்டியது. 70 வயதுக்கு மேல் நோய் தெரிந்தவர்களில் 90% பேருக்குப் பலன், 30-க்குள் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்குக்கூட இல்லை. அதாவது, கவலைப்பட வேண்டியது இரண்டு தரப்பு: தாமதமாக வரும் ஆண், சிறு வயதிலேயே வரும் பெண். பலன் போதாவிட்டால் கூடுதல் மருந்துக்கு வழி உண்டு. இங்கே பழகிய தேர்வு ஃபீனோஃபைப்ரேட், கல்லீரல் தளர்ந்த நிலையில் அது கூடாது. எலாஃபிப்ரனார், செலடெல்பார் இரண்டுக்கும் 2024-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

பி.பி.சி. உள்ள ஆணுக்குக் கல்லீரல் புற்றுநோய் வாய்ப்பு கூடுதல். அதனால் சிரோசிஸ் உள்ளவர்களுக்கும், பி.பி.சி. உள்ள எல்லா ஆண்களுக்கும், 6 மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் என்று அமெரிக்கக் கல்லீரல் சங்கம் சொல்கிறது. பெண்ணுக்குக் கவனிக்க வேண்டியது எலும்பு. பித்தம் தேங்குவதும் மாதவிடாய் நிற்பதும் ஒரே வயதில் சேர்ந்துகொள்கின்றன. 2, 3 வருடத்துக்கு ஒரு முறை எலும்பின் அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன், வைட்டமின் டி சோதனை. நாள் முழுக்க வெயில் அடிக்கும் ஊரில் வைட்டமின் டி குறையாது என்று நம்ப வேண்டாம், வீட்டுக்குள்ளும் ஆபீஸுக்குள்ளும் இருப்பவர்களுக்குக் குறையும்.

ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸுக்கு மருந்து பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, பிறகு எதிர்ப்பு சக்தியை அடக்கும் அசத்தியோபிரின். இரண்டும் சேரும்போது பிரெட்னிசலோன் நாளுக்கு 20 முதல் 40 மி.கி.யில் தொடங்கி இறக்குவார்கள். தொடங்குமுன் ஹெபடைட்டிஸ் பி, காசநோய் இரண்டும் இல்லை என்று பார்த்தாக வேண்டும். ஸ்டீராய்டு இரண்டையும் எழுப்பிவிடும். சர்க்கரை இன்னொரு சிக்கல். காலையில் போடும் ஸ்டீராய்டு மதியத்திலிருந்து ராத்திரி வரை சர்க்கரையை ஏற்றும். மறுநாள் வெறும் வயிற்றில் பார்த்தால் நார்மலாகவே இருக்கும். ஆகவே மதியச் சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

அசத்தியோபிரினுக்கு முன், அதை உடல் தாங்குமா என்று பார்க்கும் டி.பி.எம்.டி. டெஸ்ட் எழுதுவது மேல்நாட்டுப் பழக்கம். நம்மவர்களிடம் என்.யு.டி.டி.15 ஜீன் மாற்றம்தான் கூடுதலாகக் கிடைக்கிறது. இரண்டையும் கேளுங்கள். டெஸ்ட் எப்படி வந்தாலும் முதல் மாதம் வாரா வாரம் வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். திடீரென்று கொத்துக் கொத்தாக முடி கொட்டினால் அடுத்த மாத்திரைக்கு முன் டாக்டரைக் கூப்பிடுங்கள். ஆண்களுக்கு இன்னொரு கண்ணி: யூரிக் அமிலத்துக்கு அலோபுரினால் அல்லது ஃபெபுக்சோஸ்டாட் சாப்பிடுகிறவருக்கு அசத்தியோபிரின் உடலில் தேங்கி எலும்பு மஜ்ஜையை முடக்கும். கவுட் (யூரிக் அமில மூட்டுவலி) ஆண்களுக்கே அதிகம், வேறொரு டாக்டர் எழுதிய மாத்திரை என்பதால் பேச்சிலேயே வராது.

இளம் பெண்கள் மருந்தை நிறுத்துவதற்கு வேறு காரணம்: முகம் உப்புவது, பரு, எடை. கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் அம்மாவே "கொஞ்ச நாள் விடு" என்பார். சொல்லாமல் நிறுத்தினால் நோய் திரும்பும். ஸ்டீராய்டு சட்டென்று நின்றால் உடம்பும் தாங்காது. டாக்டரிடம் முகத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசினால், சிரோசிஸ் இல்லாதவர்களுக்கு புடெசனைட் 9 மி.கி. என்ற மாற்று உண்டு. ஆண்கள் விஷயத்தில் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையின் 2008 ஆய்வு வியப்பானது: ஆண்களுக்கு நோய் இளவயதிலேயே தொடங்கியது, அடிக்கடி திரும்பியது, ஆனாலும் நீண்டகாலத்தில் பிழைத்திருந்தவர்கள் அவர்களில்தான் அதிகம்.

கர்ப்பம். நோய் உக்கிரமாக இருக்கும்போது மாதவிடாயே நின்றிருக்கும். சிகிச்சை பலன் தந்ததும் திரும்பும், எதிர்பாராமல் கருவும் தரிக்கும். நோய் அடங்கி ஒரு வருடம் ஆன பிறகு திட்டமிடுவது பாதுகாப்பு. அசத்தியோபிரினையும் உர்சோவையும் தொடரலாம், தாய்ப்பாலும் கொடுக்கலாம். அசத்தியோபிரினுக்கு மாற்றாகத் தரும் மைகோஃபெனலேட் மட்டும் கருவைச் சிதைக்கும். குறைந்தது 6 வாரம், பல மையங்களில் 12 வாரம் முன்பே நிறுத்தி மாற்றுவார்கள். சிரோசிஸ் இருந்தால் கர்ப்பத்தின் 4 முதல் 6 மாதத்துக்குள் எண்டோஸ்கோப்பி செய்து உணவுக்குழாயின் ரத்தக்குழாய்கள் வீங்கியிருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். கர்ப்பத்தின் பிற்பகுதியில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் நஞ்சுக்கொடியிலிருந்தும் வரும் என்பதால் அந்த எண்ணை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம்.

ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸ் கர்ப்பத்தில் பெரும்பாலும் அடங்கி, பிரசவத்துக்குப் பிறகு சீறும், நான்கில் ஒருவருக்காவது. முதல் 3 மாதம்தான் உச்சம். அந்த மாதங்களில்தான் நம் பெண்கள் தாய்வீட்டில் இருப்பார்கள். பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் சென்னையில், இவர் திண்டிவனத்திலோ திருநெல்வேலியிலோ. "பால் கொடுக்கிறவளுக்கு எதற்கு இத்தனை மாத்திரை" என்று வீட்டார் நிறுத்தச் சொல்ல, பிரசவ லேகியம் மட்டும் தவறாமல் நடக்கும். வளைகாப்பு முடிந்து கிளம்பும்போதே மூன்று மாத மாத்திரையும், 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு முறை லிவர் ஃபங்ஷன் டெஸ்ட் என்று எழுதிய சீட்டும் பையில் இருக்கட்டும். டெஸ்ட் எந்த ஊர் லேபிலும் எடுக்கலாம், ரிப்போர்ட்டை போனில் அனுப்பினால் போதும்.

திருநங்கைகள் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், அதுவும் கருத்தடை மாத்திரையில் இருக்கும் எத்தினில் ஈஸ்ட்ராடியால் என்றால், கல்லீரல் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். அது பித்த ஓட்டத்தைத் தடுக்கும். தோல் வழியாகச் செல்லும் ஜெல், பேட்ச் கல்லீரலுக்கு அவ்வளவு பாரம் தராது.

பி.எஸ்.சி.யை, பித்தக்குழாய்களைப் படம்பிடிக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேனில் கண்டுபிடிப்பார்கள். வயிற்றுத் தொந்தரவே இல்லாவிட்டாலும் அப்போதே ஒரு கொலோனோஸ்கோப்பி அவசியம். குடல் அழற்சி இருந்தால் அதன் பிறகு வருடா வருடம், புற்றுநோய் கண்காணிப்புக்காக. நடுவயது தாண்டிய ஆணுக்கு பி.எஸ்.சி. முத்திரை குத்துமுன் ஐ.ஜி.ஜி.4 பார்க்க வேண்டும். ஸ்டீராய்டுக்கு அடங்கும் வேறொரு நோய் அதே படத்தைக் காட்டும், அதுவும் ஆண்களிடம்தான் அதிகம்.

இப்போது உங்கள் 118. பக்கத்தில் எஸ்.ஜி.ஓ.டி. எவ்வளவு என்று பாருங்கள். எஸ்.ஜி.பி.டி.யைவிடக் குறைவாக இருந்தால், அது குடியின் முகம் அல்ல என்று அந்தத் தாளை வைத்தே சொல்லலாம். இந்த ஊரில், இந்த வயதில், முதல் சந்தேகம் கொழுப்பு படிந்த கல்லீரல்: இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, டிரைகிளிசரைடு, அல்ட்ராசவுண்ட். ஜிம் போகிறவரானால் ஒரு வாரம் நிறுத்திவிட்டு, தசை என்சைமான சி.பி.கே.யோடு சேர்த்துத் திரும்ப எடுங்கள். தசை அடிபட்டாலும் இந்த எண்கள் ஏறும். புரோட்டீன் பவுடர், அஸ்வகந்தா உட்பட எல்லா டப்பாக்களையும் டாக்டரிடம் காட்டுங்கள். ஹெபடைட்டிஸ் பி, சி, 40-க்குள் என்பதால் வில்சன் நோய்க்கு (உடலில் தாமிரம் சேரும் பரம்பரை நோய்) செருலோபிளாஸ்மின், தைராய்டுக்கு டி.எஸ்.எச். இத்தோடு ஏ.என்.ஏ., ஸ்மூத் மசில் ஆன்டிபாடி, ஐ.ஜி.ஜி. மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். "எங்கள் அக்காவுக்கு பி.பி.சி." என்ற ஒரு வரி போதும், எந்தக் கல்லீரல் டாக்டரும் மறுக்க மாட்டார். அல்கலைன் பாஸ்பட்டேஸ் ஏறியிருந்தால் ஏ.எம்.ஏ.வும். அக்காவுக்கு மகளோ தங்கையோ இருந்தால் அவர்களுக்கும் அல்கலைன் பாஸ்பட்டேஸை ஒரு முறை பார்த்துவிடுங்கள். சாதாரண லிவர் ஃபங்ஷன் டெஸ்டிலேயே அது இருக்கும்.